மகளுக்கு வீசிங் இருக்கிறது. பள்ளிக்கு விட இன்னொரு கார் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். கோவை சரவணம்பட்டியில் குடியிருக்கிறோம். நாங்கள் இங்கே வந்த புதிதில் சத்தி ரோட்டைச் சாவகாசமாகக் கடக்கலாம். இப்போது காலை எட்டு மணிக்கெல்லாம் கணபதி வரைக்கும் வண்டிகள் நிற்கின்றன. என் மகளுக்கு ஒன்பது வயது, வீசிங் இருக்கிறது. பள்ளி இரண்டரை கிலோமீட்டர். ஸ்கூட்டரில் கூட்டிப்போகும்போது துப்பட்டாவால் அவள் மூக்கை மூடிக் கட்டிவிடுகிறேன். கணவர் 2015 மாடல் டீசல் காரில் தினமும் குறிச்சி சிட்கோவுக்கு வேலைக்குப் போய் வருகிறார். ‘பாப்பாவுக்காக இன்னொரு சின்ன கார் வாங்கிரலாம், எலக்ட்ரிக்கா வாங்கினா மாசும் இல்லை’ என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ‘நாம ஒரு கார் வாங்காம இருந்தா ஊரு சுத்தமாயிருமா?’ என்று அவர் கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. பாலம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். உண்மையா?

போக்குவரத்துத் திட்டப் பொறியாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கார் வேண்டாம். எலக்ட்ரிக் கார் வாங்க வசதி இருக்கிறதென்றால், உங்கள் கணவரின் டீசல் காரைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக வாங்குங்கள். மகள் பள்ளிக்குப் போகும் வழியையும் நேரத்தையும் மாற்றுங்கள். அதற்குப் பணம் செலவில்லை, பலனும் அதில்தான் அதிகம்.

கண்ணாடியை ஏற்றிவிட்டால் கார் பாதுகாப்பான இடம் என்று பெரும்பாலானவர்கள் நம்புகிறார்கள். ஏசிக்கு வெளிக்காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பாருங்கள். பானெட் முடிந்து முன்கண்ணாடி தொடங்கும் இடத்தில் வரிசையாகத் துவாரங்கள் இருக்கும். நெரிசலில் நிற்கும்போது முன்வண்டியின் புகைக்குழாய்க்கும் அந்தத் துவாரத்துக்கும் இடையே ஒன்றிரண்டு மீட்டர்தான். வெளிக்காற்றை எடுக்கும் நிலையில் ஏசி ஓடினால், அந்தப் புகையைத்தான் உள்ளே இழுத்துக் குளிரவைத்துக் கொடுக்கிறது. இப்போது இருக்கும் காரில் மகள் வரும்போது, நெரிசலான இடங்களில் வளைந்த அம்புக்குறி போட்ட பொத்தானை அழுத்திவிடுங்கள். உள்ளே இருக்கும் காற்றே சுற்றும், துகள்கள் நன்றாகக் குறையும். நெடுநேரம் அப்படியே விட்டால் மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தலை கனக்கும். ஆகவே நெரிசல் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குங்கள். ஏசி ஃபில்டரை சர்வீஸில் கேட்டு மாற்றுங்கள். நம் சாலைத் தூசிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். துப்பட்டா பெரிய தூசியைத் தடுக்கும். உங்கள் மகளின் மூச்சுக்குழாயைத் தொந்தரவு செய்யும் நுண்துகள் அந்த நெசவுக்குள் தாராளமாக நுழையும்.

இதைவிட முக்கியம் தூரம். வண்டிப் புகை சாலை நெடுகப் பரவியிருந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மிக நுண்ணிய துகள்களும் நைட்ரஜன் டை ஆக்சைடும் வண்டிகளுக்கு நடுவில்தான் உச்சத்தில் இருக்கும். சாலையை விட்டு விலக விலக மளமளவென்று இறங்கும். நூறு, நூற்றைம்பது மீட்டர் உள்ளே போனாலே காற்று வேறு; முந்நூறு மீட்டரில் ஏறக்குறைய ஊரின் பொதுவான அளவுக்கு வந்துவிடும். சத்தி ரோட்டுக்கு இணையாக உள்ளே ஓடும் குடியிருப்புத் தெருக்கள் வழியாகப் பள்ளிக்குப் போக முடியுமா என்று பாருங்கள். அரை கிலோமீட்டர் சுற்று ஆனாலும் பரவாயில்லை. மெயின் ரோட்டைக் கடக்க வேண்டுமானால் ஒரே இடத்தில் கடந்து உடனே உள்ளே திரும்பிவிடுங்கள். பெரியவர்களை ஒப்பிட்டால், உடல் எடைக்கு ஏற்றபடி பார்க்கும்போது குழந்தைகள் அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஒன்பது வயதுக் குழந்தையின் மூக்கு, நிற்கும் காரின் புகைக்குழாய்க்கு நம்மைவிட அருகில் இருக்கிறது.

பருவத்தையும் கணக்கில் வையுங்கள். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய வரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த வழியாக வரும் காற்று ஊரைக் கழுவிவிடுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்த வேகம் இருக்காது. விடியற்காலையில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே சூடான அடுக்கு மூடிபோல் நின்றுவிடும்; புகை மேலே ஏறிக் கலைய வழியில்லாமல் தங்கும். வெயில் ஏறி அந்த அடுக்கு கலைவதற்குள் பள்ளி நேரம் வந்துவிடுகிறது. அந்த மாதங்களில் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது நல்லது. காற்று அவ்வளவு சீக்கிரம் சுத்தமாகிவிடாது, ஆனால் வரிசை சேர்வதற்கு முன் கடந்துவிடலாம்.

கைபேசியில் காற்றுத்தரம் பச்சையாகக் காட்டுகிறதே என்று நீங்கள் நினைக்கலாம். நம் நாட்டுக் குறியீட்டில் பி.எம். 2.5 நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை ‘நன்று’. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய வழிகாட்டு அளவு, ஒரு நாள் சராசரிக்கு 15 தான். ஆண்டுச் சராசரிக்கு நம் தேசியத் தரம் 40, அவர்கள் சொல்வது 5. தவிர, அளவிடும் நிலையம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் காற்றைத்தான் சொல்லும். உங்கள் மகள் சிக்னலில் நிற்கும் அந்த நான்கு நிமிடத்தை எந்த நிலையமும் அளப்பதில்லை.

வண்டிகள் முன்பைவிடச் சுத்தமாகிவிட்டன என்பது உண்மைதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற கடுமையான புகை விதி வந்தபோது எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புதிய டீசல் கார்களில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. உங்கள் வீட்டு 2015 மாடலில் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் ஒவ்வொரு வண்டியிலும் கிடைத்த லாபத்தை வண்டிகளின் பெருக்கம் தின்றுவிடுகிறது. இதில் கார் மட்டும் குற்றவாளி இல்லை. லாரி, பழைய பஸ், லட்சக்கணக்கான இருசக்கர வண்டிகள், கட்டட வேலைத் தூசி, வார்ப்படப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் ஒரு ஆளை நகர்த்துவதற்கு இவ்வளவு இடத்தையும் எரிபொருளையும் கேட்கும் வண்டி காரைப்போல் வேறொன்று இல்லை. நெரிசல் உண்டாவது இடத்தால்தான். நெரிசலில் நின்று நின்று போகும்போது எல்லா வண்டியும் கூடுதலாகப் புகை விடுகிறது.

எலக்ட்ரிக் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, உங்கள் காரின் முன்சக்கர ரிம்மைத் துடைத்துப் பாருங்கள். ஒட்டும் கரும்பொடியில் பெரும்பகுதி, பிரேக் தேய்ந்த இரும்புத்தூள். டயரும் அப்படியே தேய்ந்து ரப்பர்த் துகளாகச் சாலையில் கிடக்கிறது. பின்னால் வரும் வண்டி அதைத் தூசியோடு சேர்த்துக் கிளப்புகிறது. புதிய வண்டிகளில் புகைக்குழாய் வழியாக வரும் துகளைவிட இப்படித் தேய்ந்து வரும் துகள்தான் அதிகம் என்பது எங்கள் துறையில் இப்போது ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். எலக்ட்ரிக் காரில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் தேய்மானம் நன்றாகக் குறையும். பேட்டரியின் கனத்தால் அதே அளவு பெட்ரோல் காரைவிட இருநூறு, முந்நூறு கிலோ கூடுதல்; டயர் தேய்மானம் குறையாது, கூடவும் செய்யலாம். ‘மாசே இல்லை’ என்பது சரியில்லை. பள்ளி வாசலில் புகை விடாது என்பது சரி. அந்த நன்மையை நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஆனால் அந்த நன்மை எங்கே அதிகம் கிடைக்கும் என்று பாருங்கள். சரவணம்பட்டியிலிருந்து குறிச்சி போய்வர நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 வேலை நாளில் ஆயிரம் கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கும் டீசல் கார் 67 லிட்டர் குடிக்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும்; மாதத்துக்கு 180 கிலோ. எலக்ட்ரிக் கார் அதே தூரத்துக்கு ஏறக்குறைய 150 யூனிட் எடுக்கும். நம் நாட்டு மின்சாரத்தில் இன்னும் நிலக்கரிதான் பெரும்பங்கு, யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று கணக்கிட்டால் 105 கிலோ. ஆனி, ஆடியில் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் முழுவீச்சில் சுற்றும்போது இன்னும் குறையும். மாதம் 75 கிலோ மிச்சம். டீசல் கரியும் ஊரின் குறுக்கே தினமும் இருபது கிலோமீட்டர் போக, இருபது வர என்று கொட்டாது. பள்ளிக்கு விட்டுக் கூட்டிவரும் ஓட்டம் மாதத்துக்கு 250 கிலோமீட்டர்தான் வரும். அதற்காக ஒரு புதிய எலக்ட்ரிக் காரை வாங்கிவிட்டு, அதிகம் ஓடும் டீசல் காரை அப்படியே வைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் பொருந்தவில்லை. மேலும், ஸ்கூட்டர் நின்ற இடத்தில் கார் நிற்கும். நீங்கள் பயப்படும் அந்த வரிசை ஒரு கார் நீளத்துக்குக் கூடும்.

கார் சாலையில் ஓடும் நேரம் மிகக் குறைவு; மற்ற நேரமெல்லாம் எங்கேயாவது நிற்கிறது. அந்த இடத்தை யாரோ ஒருவரிடமிருந்துதான் எடுக்கிறோம், பெரும்பாலும் நடப்பவரிடமிருந்து. உங்கள் தெருவில் நடைபாதை இருந்திருக்க வேண்டிய இடத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

பாலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. விமான நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு நேரம் மிச்சமாகிறது, மறுக்கவில்லை. ஆனால் பாலத்தில் வேகமாகப் போகும் கார்கள் எங்கேயோ இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்குமிடத்துச் சாலை அகலமாகவில்லை. இன்னொன்று, சாலை காலியாகத் தெரிந்ததும் அதுவரை பஸ்ஸில் போனவர், நேரம் தள்ளிப் போனவர், அந்தப் பக்கமே போகாமல் இருந்தவர் எல்லோரும் காரை எடுக்கிறார்கள். கொஞ்ச நாளில் பழைய நெரிசல், கூடுதல் வண்டிகளோடு. இது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அமெரிக்கப் பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் 1962-இலேயே எழுதினார். 2011-இல் டுராண்டன், டர்னர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் அமெரிக்க நகரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, நெடுஞ்சாலைத் தடங்களின் மொத்த நீளம் எத்தனை சதவீதம் கூடியதோ ஏறக்குறைய அத்தனை சதவீதம் வண்டி ஓட்டமும் கூடியிருந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையைப் பக்கச் சாலைகளும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள் வரை அகலமாக்கினார்கள். வேலை முடிந்தது 2008-இல். 2011-க்கும் 2014-க்கும் இடையிலேயே உச்சநேரப் பயணம் மீண்டும் நீண்டுபோனது. சத்தி ரோட்டில் ஒரு பாலம் வந்தால் அதன் அடியில் நடப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம்: மேலே கூரைபோல் தளம் இருப்பதால் கீழே ஓடும் வண்டிகளின் புகை எளிதில் கலையாது.

எதிர்த்திசையில் போன ஊர் ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் மகளுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்பதால். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் 2006-இல் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் வைத்தது, கூடவே பஸ்களையும் கூட்டியது. வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. காற்று மாசு 5 முதல் 15 சதவீதம் வரைதான் குறைந்தது. ஆனால் அந்த நகரத்தின் மருத்துவப் பதிவுகளை வைத்துப் பின்னர் நடந்த ஆய்வில், சிறு குழந்தைகளுக்குத் திடீரென வரும் ஆஸ்துமா ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஒரே நாளில் அல்ல, சில ஆண்டுகளில் படிப்படியாக. மாசில் சிறிய குறைவுக்குக் குழந்தைகளின் நெஞ்சில் இவ்வளவு பெரிய பலன் என்று படித்தபோது எனக்கு உண்டான நம்பிக்கை இன்னும் குறையவில்லை.

கோவையில் கட்டணம் வைக்கும் நிலை இப்போது இல்லை, ஏனென்றால் காரை விட்டுவிட்டு வருகிறவருக்கு நம்மிடம் போதுமான பஸ் இல்லை. சத்தி ரோட்டையும் சேர்த்துப் போட்ட மெட்ரோ திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. மெட்ரோ வரும் என்று பஸ்ஸைக் காத்திருக்க வைத்தது போதும். ஐம்பது பேர் ஒரு டவுன் பஸ்ஸில் போகலாம். அதே ஐம்பது பேர், காருக்குச் சராசரி ஒன்றே கால் ஆள் என்று ஏறினால் நாற்பது கார். இடைவெளியோடு நிறுத்தினால் கால் கிலோமீட்டர் வரிசைக்கு மேல். 2021 மே முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம். உங்கள் வழித்தடத்தில் அந்த பஸ் எத்தனை முறை வருகிறது என்பதுதான் கேள்வி.

‘நாம ஒரு கார் வாங்காம இருந்தா ஊரு சுத்தமாயிருமா?’ ஆகாது. அதை ஒளிக்காமல் அவரிடம் சொல்லுங்கள். ஆனால் பள்ளி வாசல் சுத்தமாகும், அது உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. மாலையில் பள்ளி விடும் நேரத்தில் கொஞ்சம் முன்னதாகப் போய் நின்று பாருங்கள். கார்கள் வரிசையாக நிற்கும், கண்ணாடி ஏறியிருக்கும், ஏசிக்காக எஞ்சின் ஓடும். நிற்கும் கார் ஏசியோடு மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்கு எரிக்கும். நூறு கார் பத்து நிமிடம் நின்றால் பதினாறு, பதினேழு லிட்டர், எங்கேயும் போகாமல், குழந்தைகள் வெளியே வரும் இடத்திலேயே. காலையில் இன்னொரு பிரச்சினை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி சூடேறினால்தான் சரியாக வேலை செய்யும். வீட்டிலிருந்து கிளம்பும் பெட்ரோல் காருக்கு இரண்டரை கிலோமீட்டரில் ஒரு பகுதி, சூடேறுவதற்கே போய்விடும். குறுகிய பயணம் கிலோமீட்டருக்கு அதிகம் மாசு செய்கிறது என்பது இதனால்தான்.

ஆகவே உங்கள் பகுதிப் பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு வேன் பேசுங்கள். பி.எஸ். 6 வண்டியா, ஒரு இருக்கைக்கு ஒரு குழந்தைதானா என்று பார்த்து அமர்த்துங்கள். பள்ளியிடம் இரண்டு கேளுங்கள்: வாசலில் எஞ்சினை அணைக்க வேண்டும், வாசலுக்கு ஐம்பது மீட்டருக்குள் பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கார் நிறுத்தக் கூடாது. கடிதத்தில் மகளின் உடல்நிலையைக் குறிப்பிட வேண்டியதில்லை, பத்துப் பெற்றோரின் கையெழுத்து இருந்தால் கேட்பார்கள். வீசிங்குக்கு டாக்டர் கொடுத்த இன்ஹேலரை, நன்றாக இருக்கிறாள் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதில் அவர் சொல்வதுதான் முடிவு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சாலையில் கிடக்கும் ரப்பர்த் துகளும் எண்ணெயும் பிரேக் பொடியும் முதல் மழையில் கருப்பு நீராகக் கழுவிக்கொண்டு போகின்றன. சுங்கம் புறவழிச்சாலை வாலாங்குளத்தை ஒட்டியே ஓடுகிறது. அங்கே மழைநீர் வேறு எங்கும் போவதற்கில்லை. டயர் ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து மாறி, மழைநீரில் கலந்து சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020-இல் கண்டுபிடித்தார்கள். எலக்ட்ரிக் காரானாலும் டயர் டயர்தான். காற்றழுத்தத்தை மாதம் ஒருமுறை சரிபார்த்தால் தேய்மானம் கொஞ்சமாவது குறையும்.

கடைசியாக மனு. ஊரில் நிறையப் பேர் ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதி மாநகராட்சியில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். சத்தி ரோடு தேசிய நெடுஞ்சாலை 948. அதில் பாதசாரிகள் கடக்கும் இடம், சிக்னலில் நடப்பவருக்கான நேரம் இவற்றை நெடுஞ்சாலைத் துறையிடமும் போக்குவரத்துக் காவல்துறையிடமும் கேட்க வேண்டும். உள்தெருவில் தொடர்ச்சியான நடைபாதை மாநகராட்சியின் வேலை. வார்டு கவுன்சிலரிடம் தனியாக எழுதிக் கொடுங்கள், பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ரேஸ் கோர்ஸிலும் ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டிலும் நல்ல நடைபாதை போடத் தெரிந்த மாநகராட்சி இது. நடப்பதற்காகக் காரில் ரேஸ் கோர்ஸ் வரை போக வேண்டியிருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரை எந்தெந்த இடத்தில் நடைபாதை அறுந்துபோகிறது என்று போட்டோ எடுத்து, தெருப் பெயரோடு மனுவில் சேருங்கள். வேனும் பள்ளி வாசல் ஏற்பாடும் நவம்பரில் காற்று அடங்குவதற்குள் நடைமுறைக்கு வந்துவிட வேண்டும்.